மூஞ்சிய அசைக்காத

காக்கா மாரி கத்துனேன், சிரிச்சான். ஸ்டார்ட்டு ஆவாத ஆட்டோ இருமுற மாரி இருமுனேன், தரையில உருண்டு உருண்டு சிரிச்சான். அவ்ளோதான், மேட்டர் முடிஞ்சிது, அமுலு மூஞ்சில ட்யூப்லைட்டு எரியுது, "பாத்தியாக்கா, எம்புள்ளைக்கு காது மந்தமா இருக்கும்னு அங்கன்வாடி பியூலா டீச்சரு சொன்னாங்களே, இப்ப எப்டி சிரிக்கறான் பாரு"ன்றா, நானும் சும்மா இருந்தேனா, "கேக்காம இன்னாடி, கிங்குடி உன் புள்ள, நான் போயி டீச்சராண்ட சொல்லிடறேன், நாளைக்கி வேனுக்கெல்லாம் வர வேணாம்"னு சொல்லிட்டு எந்திரிச்சி செருப்புல ஒரு காலையும் வுட்டுட்டேன். அவதான் வுடல. "இருக்கா, குக்கரு வச்சிட்டேன், பருப்பும் சோறும் ஒன்னாவே ஆவும், ரெண்டு வாய் சாப்ட்டு போ, லிஃப்ட்டு வேற செத்து கெடக்குது, ஏழு மாடி ஏறி வந்துகீற"ன்னு கையப் புடிச்சி இஸ்து ஒக்கார வச்சா. ஒக்காந்துட்டேன். முட்டி ரெண்டும் அப்பாடான்னுச்சு. இந்த கட்டடத்த கட்டுனவன் முட்டியே இல்லாதவனா இருப்பான் போல. கீழ கூவம் ஆத்து பக்கத்துல குடிசையில இருந்தப்ப ஊட்டுக்குள்ள குனிஞ்சி போனோம், இங்க மூச்சு வாங்கிகினு போறோம். ஜன்னல்ல பாத்தா பிளாக்கு, பிளாக்குக்கு பின்னால பிளாக்கு, எல்லா ஜன்னல்லயும் துணி தொங்குது, எல்லா துணிக்கும் பின்னால ஒரு கொயந்த கீது. நாங்க நாலு அம்மாங்க. சம்பளம்லாம் கெடையாது. எங்க புள்ளைங்களுக்கு ஒன்னு ஒன்னு ஆயி, பெரியாஸ்பத்திரியில வச்சி பாத்து, சரியாச்சு, இல்ல பாதி சரியாச்சு, அதனால டாக்டரம்மா எங்களயே புடிச்சாங்க, அந்தம்மா பேசுனா மூக்கு கண்ணாடி மொதல்ல ஏறும், அப்பால தொண்டைய கனைக்கும், அப்பாலதான் பேச்சு, "நாங்க சொன்னா பயப்படுறாங்க தேசம்மா, நீங்க போயி ஒக்காந்து பேசுனா வருவாங்க." அதான் வேல. எந்த ஊட்ல கொயந்த கழுத்து நிக்கல, நடக்கல, பேசல, ஊசி போடல, அங்கன்வாடிக்கி வரல, போயி ஒக்காரு, டீ குடி, பேசு, கையப் புடிச்சி இட்டுகினு வா. ஆஸ்பத்திரியில அந்த கட்டடத்துக்கு போர்டுல ஒரு பேரு எழுதிகீது, ஆரம்ப நிலை இடையீட்டு இன்னாவோ இன்னாவோ, எழுத்துக் கூட்டி முடிக்கறதுக்குள்ள கொயந்த காலேஜுக்கு போயிடும், அதனால நாங்க பச்ச கட்டடம்னு சொல்லுவோம். மாசத்துக்கு ஒரு தபா அங்கேர்ந்து வேனு வரும். நாளைக்கி வருது. அமுலு புள்ள லோகித்துக்கு ரெண்டர வயசு, இன்னும் அம்மான்னு சொல்லல. அத்த பாத்துட்டு வான்னுதான் டீச்சரு அனுப்புனாங்க. பாத்துட்டேன். சிரிச்சான். ஜோலி முடிஞ்சிது, சோறு மட்டும்தான் பாக்கி.

குக்கரு விசிலு அடிச்சிது. எனக்கு குக்கரு விசிலுன்னா எப்பவும் தூக்கிப் போடும், எங்கூட்ல அடிச்சாலே தூக்கிப் போடும், அடுத்தவ ஊட்ல அடிச்சா கேக்கணுமா, ரெண்டு தோளும் காதாண்ட போயி ஒட்டிகிச்சு. லோகித்து என் முன்னாடி ஒக்காந்து துணி கிளிப்ப ஒன்னோட ஒன்னு கோத்து ரயிலு வுட்டுகினு கீறான், அடுப்பு அவன் முதுகு பக்கம், டக்குன்னு திரும்பி குக்கர பாத்தான். அமுலு வுடுவாளா, "தோ! தோ! திரும்பிட்டான் பாருக்கா!"ன்னு கரண்டியோட ஒரு சுத்து சுத்துறா. நானும் கைய தட்டுனேன். ரெண்டு தட்டு தட்டிட்டு மூணாவது தட்டு பாதியில நின்னு போச்சு. ஏன் நின்னுச்சு. ஒன்னியும் இல்ல. என்னவோ முள்ளு மாரி. தொண்டையில இல்ல, கண்ணுல. நான் ஆளுங்கள மாரி நடிச்சி காட்டுவேன்ல, அது எப்டின்னா, கொரலு பெரிய விசயமே இல்ல, கொரலு யாருக்கு வேணா வரும், எது மொதல்ல அசையுது, எது அப்பால அசையுது, அத்த புடிச்சிட்டா ஆளு வந்துருவான். அமுலு புருசன் டில்லிபாபு கோவமா பேசுறதுக்கு முன்னால லுங்கிய தூக்கிக் கட்டுவான், கட்டி முடிச்சிட்டுதான் "இன்னான்ற இப்போ?" பியூலா டீச்சரு சிரிக்கறதுக்கு முன்னால வாய கையால மூடுவாங்க, மூடிட்டுதான் சிரிப்பு. யாரப் பாத்தாலும் என் தலைக்குள்ள ஒரு சினிமா மெதுவா ஓடும், நான் ஓட்டல, தானா ஓடும். இப்பவும் ஓடுது. விசிலு அடிக்குது. பையன் ரயிலு வுட்றான். விசிலு அடிச்சிகினே கீது. பையன் ரயிலு வுட்றான். என் தோளு ஏறுது. பையன் என் மூஞ்சிய பாக்கறான். என் கண்ணு அடுப்பாண்ட போவுது. அப்பால, அப்பாலதான், திரும்பறான். ச்சே, இல்ல. விசிலுக்குதான் திரும்பனான். விசிலு, தோளு, மூஞ்சி, திரும்பறான். விசிலு, ரயிலு, தோளு, மூஞ்சி, திரும்பறான். அய்ய, வேற வேல இல்லயா உனக்கு தேசம்மா, சோத்த துன்னுட்டு கீழ எறங்குற வழியப் பாரு.

"தண்ணி குடுடி"ன்னேன். "மொண்டு குடிக்கா, கொடம் உன் பின்னாலதான்"றா. எந்திரிச்சேன். சொம்ப எடுத்தேன். பையனுக்கு முதுகு பக்கமா போயி நின்னுகினேன், அவனுக்கு நான் தெரியமாட்டேன், செவுத்தப் பாத்து ஒக்காந்துகீறான், செவுத்துல கெவருமெண்டு குடுத்த டிவி, அது ஓடல, செட்டாப்பு பாக்ஸுக்கு துட்டு கட்டலன்னு மூடி வச்சிகீறாங்க. சொம்ப வாயாண்ட வச்சிகினு, கா, கா, கா. நல்லா கத்துனேன். பெரிய காக்கா, கல்யாண ஊட்டு எச்ச எலைக்கி சொந்தக்காரங்கள கூப்புடுற காக்கா. சிரிச்சான்! குலுங்கி குலுங்கி சிரிச்சான். அப்பா, என் நெஞ்சுல ஒரு பாட்டிலு சோடா ஒடச்சி ஊத்துன மாரி கீது, கேக்குது, கேக்குது, கேக்குது, உனக்குதான் புத்தி கெட்டுப் போச்சு, நீ பாத்த சினிமா டப்பா சினிமா. இன்னொரு காக்கா, சந்தோசத்துல ஓசி காக்கா. மறுபடி சிரிச்சான். எங்க பாத்து சிரிக்கறான். செவுத்த பாத்து. செவுத்துல இன்னா கீது. டிவி. டிவியில இன்னா கீது. கறுப்பா கீது. கறுப்புல குட்டியா ஒரு பொம்பள நிக்கறா, கைல சொம்பு, கழுத்து நீட்டி, மூக்கு கூரா, வாய் அலகு மாரி தொறந்து தொறந்து மூடுது. நான்தான். என் மூஞ்சி. ரெண்டு எலும்பு தோளும் ரெக்க மாரி. சொம்புல இருந்த தண்ணி என் காலு மேல ஊத்துறது எனக்கே தெரியல. "இன்னாக்கா, ஊட்ட கழுவுறியா?"ன்றா அமுலு. "ஆமாண்டி, உன் புருசன் கழுவ மாட்டான்ல"ன்னு வாய் சொல்லுது, வாய் என் பேச்ச கேக்காது, அது பாட்டுக்கு சொல்லும், சாவு ஊட்லயே சொல்லும். எங்க மாமியாக்காரி செத்தப்ப ஒப்பாரிக்கி வந்த பொம்பள மூக்கு சிந்துற மாரி நான் சிந்தி காட்டி, எங்காளு பாடைக்கி பக்கத்துலயே வச்சி மொறச்சான். மூஞ்சி இல்லாம என்னால காக்கா கத்த முடியாது. அதான் இதுல கீற கோளாறு. டீச்சரு கைய தட்டி பாத்தாங்களாம், திரும்பலயாம். நான் வந்து காக்கா கத்துனேன், திரும்புச்சு, சிரிச்சிது. நான் கத்துனது காதுக்கு இல்ல. கண்ணுக்கு கத்திகினு கீறேன்.

போன் அடிச்சிது. அமுலு எடுத்து ஸ்பீக்கர்ல போட்டுட்டு வெங்காயம் நறுக்க ஒக்காந்துட்டா. டில்லிபாபுதான், தண்ணி லாரியில எங்கயோ நிக்கறான், பின்னால தண்ணி கொட்ற சத்தம். "யாரு, அந்த மிமிக்ரி வந்துகீதா? எம்புள்ளைக்கு கொற சொல்ல வந்துச்சா?" லுங்கிய தூக்கிக் கட்டிட்டான், போன்லயே தெரியுது. "எங்கண்ணன் நாலு வயசுலதான் பேசுனான், இப்ப பேச ஆரமிச்சா நிறுத்தறானா? ஆம்பள புள்ளைங்க அப்டித்தான். வேன்ல இட்டுகினு போயி ஒயரு மாட்டுறேன், மெசின் மாட்டுறேன்னா, காலு இருக்காதுன்னு சொல்லு." "அய்ய, இருய்யா"ன்றா அமுலு, "அக்காவே பாத்துட்டு ஒன்னியும் இல்லன்னு சொல்லிடுச்சு. வேனும் வேணாம்னுடுச்சு."  அந்தப் பக்கம் ஒரு மூச்சு, பெரிய மூச்சு, லாரி ப்ரேக்கு வுட்ற மாரி. "மெய்யாலுமா?" கொரலே வேற. டில்லிபாபு கொரலே இல்ல அது. இத்தினி நாளா அவன காட்டிகினு கீறேன், லுங்கியெல்லாம் கட்டி காட்டிகீறேன், இந்த கொரலு அவனுக்குள்ள கீறது எனக்கு தெரியவே தெரியாது. பயந்துகினு கீறான். அவ்ளோ பெரிய லாரிய ஓட்டுறவன் எந்நேரமும் பயந்துகினேதான் கீறான். "அப்ப அக்காக்கு பிரியாணி வாங்கியாறேன், போவ சொல்லாத"ன்னு வச்சிட்டான். பிரியாணியா. அடப்பாவி. என் வாய்ல எச்சி ஊறல. எனக்கு பிரியாணின்னா எச்சி ஊறலன்னா உடம்பு சரியில்லன்னு அர்த்தம். நான் சொன்னது இந்த ரூமுக்குள்ள இருந்துச்சு, இப்ப ஏழு மாடி எறங்கி, ரோட்டுக்கு போயி, தண்ணி லாரியில ஏறிக்கிச்சு. அத்த எப்டி நான் திருப்பி இட்டுகினு வருவேன். சொல்லாத, வுட்டுடு. நாளைக்கி வேனு போயிடும், அடுத்த மாசம் வரும், அப்ப பாத்துக்கலாம், ஒரு மாசத்துல இன்னா ஆவப் போவுது. டாக்டரம்மா கண்ணாடி ஏறுது, தொண்ட கனைக்குது, "மூணு வயசுக்குள்ள இட்டுகினு வாங்க தேசம்மா, காது விசயத்துல ஒவ்வொரு மாசமும் வெல." வெலன்னாங்க. அந்த வார்த்தைய மட்டும் அவங்க கனைக்காம சொன்னாங்க. இல்ல, ஆனா நான் யாரு, நாலாங்கிளாஸு, எனக்கு இன்னா தெரியும், டிவில தெரிஞ்ச மூஞ்சிய பாத்து ஒருத்தி பொழப்புல மண்ண போட்றதா. திரும்பவும் விசிலு வரும். வரட்டும், பாக்கலாம். நான் அசையாம இருக்கறேன். இருப்பியா நீ. இருக்கறேன்.

கன்னத்த உள்பக்கமா பல்லால புடிச்சிகினேன். விசிலு அடிச்சிது. மரம் மாரி ஒக்காந்துகீறேன். பையன் ரயிலு வுட்றான். வுட்றான். வுட்றான். என் கண்ணு அவன் மேலயே கீது, காது பின்னால புசுபுசுன்னு முடி, அந்த காது எவ்ளோ அழகா கீது, சங்கு மாரி மடிச்சி மடிச்சி யாரோ மாவுல செஞ்ச மாரி, அதுக்குள்ள இன்னா கீது, ஊரு கீதா, இல்ல ஒன்னுமே இல்லாத பெரிய வெட்டவெளி கீதா. அமுலு கண்ண தொடச்சிகினு, வெங்காயத்துக்குதான், அடுப்ப பாத்தா. உடனே பையன் திரும்பி அடுப்ப பாத்தான். "பாரு"ன்றா அமுலு, இப்ப கரண்டி சுத்தல, சும்மா சொல்றா, நாளு பூரா நடக்கறதுதானேன்னு சொல்றா. நாளு பூரா. அங்கதான் எனக்கு மயிரு நட்டுகிச்சு. நாளு பூராவும் இவன் இத்ததான் பண்ணிகினு கீறான். அப்பன் படியேறி வரான், அவன பெத்த ஆயா மூஞ்சி மாறுது, இவன் கதவப் பாக்கறான். தண்ணி வந்துடுச்சுன்னு பொம்பளைங்க கொடத்த தூக்குறாளுங்க, இவனும் எந்திரிக்கறான். பக்கத்தூட்ல சண்ட, ஆயா புருவம் செவுத்து பக்கம் போவுது, இவன் செவுத்த பாக்கறான். எங்க மூஞ்சிங்கதான் இவனுக்கு ரேடியோ. யாரு சொல்லிக் குடுத்தா. யாருமே சொல்லிக் குடுக்கல. சத்தம்ன்ற ஒன்னு தனக்கு இல்லன்னே தெரியாத இந்த கொயந்த, அத்த இன்னொரு ஜன்னலு வழியா உள்ள எடுத்துகினு கீது. கறுப்பு டிவியிலேர்ந்து கூட எடுத்துகினு கீது. நான் பத்து வருசமா ஆளுங்கள பாத்துகினு கீறேன், பிளாக்கு பிளாக்கா கைத்தட்டு வாங்கிகீறேன், எது மொதல்ல அசையுதுன்னு எனக்குதான் தெரியும்னு மெதப்புல சுத்துனேன். இவன் முன்னால நான் எல்கேஜி. நான் சிரிப்பு காட்டறதுக்கு பாக்கறேன், இவன் உசுரு வாழறதுக்கு பாக்கறான். சாமி கும்புடணும் போல இருந்துச்சு. கிளிப்பு ரயிலுக்கு முன்னால விழுந்து. ஆனா கும்புட்டுட்டு வாய மூடிகினு சோறு துன்னுட்டு போயிடலாமா. அவன் இவ்ளோ கெட்டிக்காரனா இருக்கறதாலதான் யாருக்கும் தெரியல. இன்னும் கெட்டிக்காரனா ஆவ ஆவ இன்னும் தெரியாது. அதான் பயமே.

எம்பொண்ணு மோனிசாவுக்கு கழுத்து நிக்காம இருந்தப்ப நான் இன்னா சொன்னேன், மகாராணி, படுத்துகினே ராஜ்ஜியம் பண்றான்னு. ஊரே சிரிச்சிது. சபீனாக்கா வரும், பச்ச கட்டடத்துலேர்ந்து அனுப்புன அக்கா, அதுக்கும் ஒரு புள்ள அந்த மாரி, வந்து ஒக்காந்து முறுக்கு துன்னுட்டு போயிடும். எதுவும் சொல்லாது. நானும் காட்டுவேன், சிரிக்கும், போயிடும். ஒரு நாளு எந்திரிச்சி பர்தாவ சரி பண்ணிகினு, "உம் பொண்ணு மகாராணி இல்ல தேசம்மா, அதுக்கு முடியல"ன்னுச்சு. அவ்ளோதான். வேற ஒரு பேச்சு இல்ல. எனக்கு வந்த கோவத்துக்கு வேற ஆளா இருந்தா கொண்டைய அறுத்திருப்பேன். ஆனா ராவெல்லாம் அந்த முடியலதான் ஓடிச்சு, முடியல, அதுக்கு முடியல, எம்பொண்ணுக்காக யாருமே அத்த சொல்லல, எல்லாரும் என் மனசு நோவாம இருக்கதான் பேசிகினு இருந்தாங்க. மறுநாளு போனேன். பச்ச கட்டடத்துக்குள்ள ஊஞ்சலு, பெரிய பெரிய கலரு பந்து, இவ்ளோ பெரிய கண்ணாடி, ஒரு சின்ன பொண்ணு, டாக்டரு இல்ல, எக்ஸசைசு சொல்லிக் குடுக்கறது, என் பொண்ண பந்து மேல படுக்க வச்சி, அது தரையில முட்டி போட்டு, என் பொண்ணு கண்ணுக்கு நேரா அதோட கண்ண வச்சிகினு, "பாரு, பாரு, பாரு"ன்னு. என் பொண்ணு தலைய தூக்கிச்சு. தூக்கி, ஆடி, ஆடி, நின்னுச்சு. ஒரு மூச்சு நேரம். நான் யாரையும் காட்டல அப்ப. இப்ப காலுக்கு பெல்ட்டு செருப்பு போட்டுகினு நடக்குது, என்னயே திட்டுது. அந்த கட்டடத்துக்கு இந்த புள்ளைய இட்டுகினு போவ வேணாம்னு ஒருத்தி சொன்னா, அவ யாரு, சொல்லு, யாரு. செருப்புல ஒரு கால வுட்டுட்டு சொன்னாளே, அவ யாரு. சபீனாக்கா கொரலு எனக்கு வராது. முயற்சி பண்ணிகீறேன், வந்ததே இல்ல. என் கொரல்லதான் சொல்லணும், அது எப்டி இருக்கும்னு எனக்கே தெரியாது.

"அமுலு." "இன்னாக்கா." "அடுத்த விசிலு வரும்ல." "வரும், அப்பால நிறுத்திடுவேன்." "அது அடிக்கும்போது மூஞ்சிய அசைக்காத." சிரிச்சா. "இன்னா, புது வெளையாட்டா?" "ஆமா, வெளையாட்டு"ன்னுட்டேன், வாய், வாயப் பாரு, "இல்லடி. வெளையாட்டு இல்ல." வெங்காயம் நறுக்குற கத்தி நின்னுச்சு. அவ என்னப் பாத்தா. நான் எந்திரிச்சி கொடியில கெடந்த துண்ட எடுத்து டிவி மேல போட்டேன். அத்த ஏன் போட்றேன்னு அவ கேக்கல. கேக்காதது எனக்கு இன்னும் பயமா இருந்துச்சு. "இப்பதானக்கா சொன்ன, ஒன்னியும் இல்லன்னு"ன்றா, கொரலு கீழ போவுது, "அந்தாளாண்ட வேற சொல்லிட்டேன்." "சொன்னேன். தப்பா சொல்லிட்டேன்னு நெனைக்கறேன்." "நெனைக்கறியா?" "ஆமாண்டி, நெனைக்கறேன். நான் இன்னா டாக்டரா? அவன் காதால கேக்கறானா, கண்ணால பாக்கறானான்னு எனக்கு தெரியல. சும்மா அடுப்ப பாக்காம இரு. என்னயும் பாக்காத. அவன பாத்துகினு இரு. அவன் திரும்பிட்டான்னு வச்சிக்கோ, உன் புருசன் பிரியாணியோட நானும் ஒன்னு வாங்கித் தரேன், ஜென்மத்துக்கும் இந்த பக்கம் வர மாட்டேன்." "வராத"ன்னா. கோவமா சொன்னாளா, கெஞ்சுனாளா. ரெண்டும்தான். நடு ரூம்ல புள்ள, அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான், அவன் முதுகுக்குப் பின்னால அடுப்பு. காத்துகினு கீறோம். ஆவி மட்டும் உஸ் உஸ்ன்னுது. மூஞ்சின்றது இன்னா சாமானு தெரியுமா, அத்த நிறுத்திப் பாத்தாதான் தெரியும். மூக்கு அரிக்குது. எடது புருவம் தனியா போயி டான்ஸு ஆடுது. வாய் ஓரத்துல ஒரு புழு நெளியுது. தூக்கிப் போடக் கூடாது, தேசம்மா, தோளு ஏறக் கூடாது, ஒரே ஒரு தபா, இந்த ஜென்மத்துல ஒரே ஒரு தபா யாரு மாரியும் இல்லாம இரு, செவுரு மாரி இரு, செவுரு மாரின்னா கூட செவுத்த காட்டுற மாரி ஆயிடும், வேணாம், ஒன்னு மாரியும் இல்லாம, திரும்பட்டும், கடவுளே, திரும்பிடட்டும், நான் தோத்துட்டு போறேன், முட்டாளுன்னு பேரு வாங்கினு போறேன், திரும்பட்டும்.

அடிச்சிது. அம்மாடி, எவ்ளோ சத்தம். ஜன்னலு கம்பியில ஒக்காந்திருந்த புறாங்க படபடன்னு போச்சு. பக்கத்தூட்ல யாரோ "அமுலு, குக்கரு"ன்னு கத்துனாங்க. என் முதுகெலும்பு தூக்கிப் போட்டுச்சு, உள்ளுக்குள்ளயே போட்டுச்சு, வெளிய வுடல. அமுலு கல்லு மாரி கீறா, கண்ணுல வெங்காயத் தண்ணி எறங்கிகினு கீது, தொடைக்கல. விசிலு நீண்டுகினே போவுது. அவன் ரயிலுக்கு இன்னொரு கிளிப்பு கோத்தான். அப்பால நிமிந்தான். சத்தத்துக்கு இல்ல. எங்களுக்கு. ஆயாவ பாத்தான். என்னப் பாத்தான். ஆயாவ பாத்தான். அவன் மூஞ்சி மாறுது, சுருங்குது, கரண்டு போனா நாம மேல பாப்போம்ல, ஃபேனு நின்னா, அந்த மாரி பாக்கறான். எங்க மூஞ்சி நின்னதும் அவனுக்கு எல்லாமே நின்னு போச்சு. இவ்ளோ சத்தத்துக்கு நடுவுல அவனுக்கு இப்பதான் சத்தமே நின்னுச்சு. கிளிப்ப போட்டுட்டு எந்திரிச்சி ஆயாவாண்ட ஓடுனான். குட்டிக் கையால அவ கன்னத்தப் புடிச்சி இஸ்தான். மேல இஸ்தான். ரெண்டு வெரல வாய் ஓரத்துல வச்சி தொறக்கப் பாத்தான், ஓடாத வண்டிய தள்ளி ஸ்டார்ட்டு பண்ற மாரி. குக்கரு அவனுக்குப் பின்னால கத்திகினே கீது. அவன் அவள ஸ்டார்ட்டு பண்ணிகினு கீறான்.

அவ அசைஞ்சா. எப்டி அசையாம இருப்பா. அவன வாரி தோளு மேல போட்டுகினா, அவன் மூஞ்சி அவ முதுகு பக்கம், அவன் காது அவ வாயாண்ட. "லோகித்து"ன்னா. மெதுவா. அவன் அவ தாலிக்கயித்த உருட்டிகினு கீறான். "லோகித்து." சத்தமா. "டேய், லோகித்து, கண்ணு, டேய்." நான் எந்திரிச்சிப் போயி அடுப்ப நிறுத்துனேன். ரூமு அப்டியே அடங்கிப் போச்சு. என் வாய்ல யாரும் வரல, டாக்டரம்மா வரல, டில்லிபாபு வரல. என்ன அடிச்சாலும் வாங்கிக்கணும்னு நின்னேன். அவ அடிக்கல. அவன எறக்கி மடியில ஒக்கார வச்சி, மூஞ்சிக்கு நேரா மூஞ்சி வச்சி, உதடு நடுங்க, "லோ-கித்-து"ன்னா. அவன் பாத்தான். எப்டி பாத்தான்னு என்னால காட்ட முடியாது, எவளாலயும் முடியாது. பாத்துட்டு வாய தொறந்தான். நாக்கு மேல போயி ஒட்டிச்சு. உதடு குவிஞ்சிது. பல்லு சேந்துச்சு. நாக்கு மறுபடி. ஒரு பொட்டு சத்தம் இல்ல. ஒரு பொட்டு பிசகும் இல்ல. அவன் பேர, அவ சொல்ற மாரியே, அந்த நடுக்கத்தோட சேத்து சொன்னான். "இத்த எப்பவும் பண்ணுவான்க்கா"ன்றா அமுலு, கொரலு பாதி வருது பாதி வரல, "வாய மென்னுகினே இருப்பான். பல்லு மொளைக்குதுன்னு நெனச்சேன்." பல்லு மொளைக்கல. பேசிகினு கீறான். இத்தினி நாளா எங்க எல்லார் கூடவும் பேசிகினுதான் கீறான், எங்களுக்குதான் கேக்கல.

 அமுலு முந்தானையால அவன் மூஞ்சிய தொடச்சா, அப்பால அவ மூஞ்சிய. "மெசினு மாட்டுவாங்களா?" "மொதல்ல பாப்பாங்கடி. காதுல சின்னதா ஒன்னு வச்சி பாப்பாங்க, வலிக்காது. அப்பால இன்னான்னு அவங்கதான் சொல்லணும், எனக்கு தெரியாது. நான் கூட வரேன்." "நீ வராம எங்க போவப் போற"ன்னா, அந்த கோவம் இன்னும் கீது, இருக்கட்டும். "அந்தாளு?"ன்னு கேட்டேன். அமுலு குக்கர பாத்தா. மூடிய தொறக்கல. "சாயந்திரம் பிரியாணி வாங்கினு வரும்ல. வரட்டும். நான் திரும்பவும் குக்கர வெக்கறேன், வெறும் தண்ணி ஊத்தி. அந்தாள புள்ளைக்கி முன்னால ஒக்கார வச்சி, மூஞ்சிய அசைக்காதன்றேன்." அவளா பேசறா. இந்த அமுலு எனக்கு தெரியாது, இவள நான் ஒரு தபா கூட காட்டுனதில்ல. "லுங்கிய தூக்கிக் கட்டும்டி"ன்னேன். "கட்டட்டும். ஒக்காந்துதான கட்டணும்"ன்னா. பையன் மடியில ஒக்காந்து எங்க ரெண்டு பேரு வாயையும் மாத்தி மாத்தி பாத்துகினு கீறான், நம்ம பேச்சுதான் ஓடுதுன்னு அவனுக்கு தெரியும், எல்லாம் தெரியும். "நாளைக்கி வேனு எங்கக்கா நிக்கும்?" கேட்டது அவ. நான் தரையில முட்டி போட்டேன், முட்டி ரெண்டும் கத்துச்சு, அவன் கண்ணுக்கு நேரா என் மூஞ்சிய எடுத்துகினு போயி, காக்கா இல்லாம, ஆட்டோ இல்லாம, என் வாயாலயே, மெதுவா, ஒவ்வொன்னா அவனாண்ட சொன்னேன். "கீழ. தண்ணி டேங்காண்ட. காலையில. நாம போறோம்." அவன் என் உதட்ட விட்டு கண்ண எடுக்கல. முழுசா வாங்கிகினான். அப்பால, என்ன பாத்துகினே, சத்தமில்லாம, வாயாலயே டேங்குன்னான்.